வெள்ளத்தில் மிதந்து வந்த கரண்ட்

மூன்று வருடங்களுக்கு முன், வருடக் கடைசி மழைக்காலத்தில் நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸில் நானும் என் கணவரும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். எங்கள் கடையில் பிரியாணியைவிடத் தேநீருக்குத்தான் கூட்டம் அதிகம். டின் பால் ஊற்றாமல் பசும்பாலில் போடுவோம். ஸ்டேஷனில் இறங்கி ஆபீசுக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அந்தப் பால் கேரித் தீவிலிருந்து வரும். என்னைவிடக் கொஞ்சம் இளையவளான ஒரு பெண், தினமும் விடியும்போது வேனில் கொண்டுவந்து இறக்குவாள். சில வருடப் பழக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருக்க மாட்டாள். ஆனால் அந்த மழைக்காலத்தில் அடிக்கடி பால் திரிய ஆரம்பித்தது. அடுப்பில் வைத்த நிமிடமே கட்டி கட்டியாகப் பிரிந்துவிடும். வரிசையில் நிற்கிற ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு நாள் என் கணவர் பொறுமை இழந்து, வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம், நீயே அவளிடம் சொல்லிவிடு என்றார். கெட்டதைச் சொல்லும் வேலை எப்போதும் எனக்குத்தான்.

மறுநாள் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. வேனின் கதவைச் சாத்திவிட்டு, "நிறுத்துறதுன்னா நிறுத்திக்குங்கக்கா. ஒரே ஒரு தடவ எங்க இடத்த வந்து பாத்துட்டு நிறுத்துங்க, போதும்" என்றாள்.

அந்தக் குரலுக்காகவே போனேன். எங்கள் கடை விடுமுறை நாளில், மற்ற கடைகளுக்குப் பால் போட்டுவிட்டுத் திரும்பும் அவள் வேனிலேயே ஏறிக்கொண்டேன். கிள்ளானில் ஒரு கடை முன் நிறுத்தி, இரண்டு காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு இரண்டு நிறை சிலிண்டரை ஏற்றினாள். சமையல் கேஸா என்று கேட்டேன். "ஆக்சிஜன்கா. வீட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

பந்திங் சாலையில் போய், பாலத்தைக் கடந்தால் தீவு. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள்தான். மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தோம். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீடுகள் ஒரு வரிசை. எட்டுக் குடும்பங்கள். முன்பு தோட்டத்துக்காரர்களே அவர்களுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். தோட்டம் கை மாறியதும் அது நின்றுபோனது. மின்கம்பம் பெரிய சாலையோடு சரி. உள்ளே இழுக்க வேண்டுமென்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். பெட்ரோல் விற்கிற விலைக்கு அது பொழுது சாய்ந்ததும் கொஞ்ச நேரம் ஓடும். பிள்ளைகள் படிப்பார்கள், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறும், அவ்வளவுதான். பால் குளிராக இருப்பது கிள்ளானிலிருந்து வாங்கி வருகிற ஐஸ் கட்டியை நம்பி. அந்த வருடம் பாதையெல்லாம் தண்ணீர் நின்றதால், ஐஸ் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். எங்கள் கடைப் பால் ஏன் திரிந்தது என்பது எனக்கு அங்கே போய் இறங்கிய உடனே விளங்கிவிட்டது.

அவள் கணவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். முன்பு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய் மூன்று நான்கு வருடமாகிறதாம். ஆனால் வாய் மட்டும் கெடவில்லை. என்னைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி. பால் கெட்டதுக்குத் திட்டணும்னா மெதுவா திட்டுங்க. எந்திரிச்சு ஓட முடியாது என்னால" என்றார். திட்ட வந்தவள் சிரித்துவிட்டேன்.

அவர் பக்கத்தில் துண்டு போட்டு மூடிய ஒரு மெஷின் இருந்தது. காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். யாரோ நல்ல மனம் கொண்டவர்கள் தானமாகக் கொடுத்ததாம். ஆனால் அதற்கு நாள் முழுவதும் கரண்ட் வேண்டும். ஜெனரேட்டர் ஓடுகிற நேரம்தான் அது ஓடும். மற்ற நேரமெல்லாம் சிலிண்டர்தான். டவுனுக்குக் குடிபோகச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். மாடுகளை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

"கரண்ட நாமளே செஞ்சுக்கலாம்னு பாக்குறேன்கா" என்றாள் அவள், தோசை சுட்டுக்கொள்ளலாம் என்பது மாதிரி.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். தரையில் நீளமாக ஒரு பள்ளம். அதில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு பெரிய குழல் படுத்துக் கிடந்தது. ஒரு முனையில் சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். உள்ளே அது காற்றே இல்லாமல் புளித்துக் கிடக்கும்போது கேஸ் கிளம்புகிறது. கழிந்த கரைசல் மறுமுனையில் வெளியே வந்து தோட்டத்துக்கு உரமாகிறது. கேஸ் ஒரு குழாய் வழியாகப் பக்கத்துக் கூரைக்கடியில் இருந்த இன்னொரு பைக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பை இருக்கிறதே, அதைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். ஒரு சின்ன லோரி அளவுக்கு, யானை படுத்திருப்பது போலப் புடைத்துக்கொண்டு கிடந்தது. விளம்பரப் பலகைக்கு மாட்டுகிற கித்தானை ஒட்டி ஒட்டித் தைத்ததாம்.

அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் டெக்னீஷியனாக இருந்தவள். கணவருக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு மாட்டைக் கையில் எடுத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு அன்றுவரை தெரியாது. தினமும் பார்க்கிற ஒருத்தியிடம் பால், பாக்கி, மழை என்பதைத் தவிர நான் எதுவுமே பேசியதில்லை.

ஓர் அடுப்பைத் திருகிப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. கொஞ்சம்கூட நாற்றமில்லை. மாட்டின் வயிற்றிலிருந்து விழுந்தது, இதோ என் கண் முன்னால் சுடராக நிற்கிறது. சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு முறை அணைத்துப் பற்றவை என்று கேட்டேன். பற்றவைத்தாள். இன்னொரு முறை கேட்கக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆனால் எஞ்சின்தான் சண்டித்தனம் செய்தது. பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, இந்தக் கேஸில் ஓடுகிற மாதிரி மாற்றி வைத்திருந்தாள். கொஞ்சம் தள்ளி, முன்பு செம்பனைக் குலைகளை எடை போட்ட உயரமான சிமெண்ட் மேடை ஒன்று தகரக் கூரையோடு இருந்தது. எஞ்சின் அங்கே. பையிலிருந்து அதுவரைக்கும் மண்ணுக்கடியில் குழாய் போட்டிருந்தாள். பெட்ரோலில் கிளப்பி, ஓட ஆரம்பித்ததும் கேஸுக்கு மாற்றினால், இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். மாதக்கணக்காக இதே கதைதானாம்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த ஆக்சிஜன் மெஷினைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "சரி, பால நிறுத்த வேணாம். வந்த உடனே காய்ச்சிடுவோம், பாத்துக்கலாம்" என்றார். அதோடு நிற்கவில்லை. எங்கள் கடையில் தினமும் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிற காய்கறித் தோல், கீரைத் தண்டு எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து, திரும்பிப் போகும் அவள் வேனில் ஏற்றச் சொன்னார். அதிலிருந்தும் கேஸ் வருமாம். எலும்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், புளித்த சோறு நிறையப் போட்டால் அதன் வயிறு கெட்டுவிடும் என்று அவள் எங்கள் சமையல்காரருக்கு வகுப்பே எடுத்தாள்.

அதற்கப்புறம் விடுமுறை நாள் வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சினிமாவுக்குப் போவது போல அந்தத் தீவுக்குப் போவேன். குழாயைப் பிடி என்றால் பிடிப்பேன், திருகு என்றால் திருகுவேன். பக்கத்து வீட்டு ஆன்டி ஒருவர், நல்ல கனத்த உடம்புக்காரர், நாற்றம் தாங்கவில்லை என்று வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் நாங்கள் எஞ்சினைக் கிளப்பும் ஒவ்வொரு தடவையும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றுவிடுவார்.

அந்த நாளைச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலமே அவள் போன் செய்து, எஞ்சினில் கேஸ் கலக்கிற பாகத்தைப் புதிதாகச் செய்திருக்கிறேன், நாளைக்குக் கண்டிப்பாக ஓடும், வாங்க என்றாள். இரண்டு நாளாக விடாத மழை. என் கணவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கட்டிக்கொண்டு, நானே காரை ஓட்டிக்கொண்டு மத்தியானத்துக்கு முன் போய்ச் சேர்ந்தேன்.

எஞ்சின் கிளம்பியது. கேஸுக்கு மாற்றினாள். நாங்கள் கை தட்டுவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மழை வெறிபிடித்த மாதிரி கொட்ட ஆரம்பித்தது. கூடவே கடலில் ஏற்றம். அந்தத் தீவு முழுக்க தாழ்வான நிலம். சுற்றிலும் மண்கரை கட்டி, தண்ணீர்க் கதவு போட்டுத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடல் ஏறியிருக்கும்போது கதவைத் திறந்து மழைத் தண்ணீரை வெளியே விட முடியாது. அதனால் பெரிய கால்வாய் நிரம்பி, தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பியது. சத்தமே இல்லாமல் வந்தது. கணுக்கால் அளவு இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்கு ஏறிவிட்டது. வந்த பாதை எங்கே என்று தெரியவில்லை. என் கார் பாதி முங்கி நின்றது. ஆண்கள் மாடுகளை அவிழ்த்து மண்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் பொதுவான அந்தப் பெட்ரோல் ஜெனரேட்டர், பள்ளத்தில் இருந்த கொட்டகையோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

அவள் வீடு படியேறிப் போகிற உயரத்தில் இருந்ததால் உள்ளே தண்ணீர் வரவில்லை. ஆனால் உள்ளே போனவள் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தாள். வெள்ளத்தால் முதல் நாள் கிள்ளான் கடை திறக்கவில்லை, சிலிண்டர் மாற்ற முடியவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. அதில் அளவு காட்டும் முள்ளும் சிவப்பைத் தொட்டுவிட்டது.

அவசர உதவிக்குப் போன் செய்தோம். வருகிறோம், ஆனால் சாலை மூழ்கிவிட்டது, படகு ஏற்பாடு செய்ய நேரமாகும் என்றார்கள். எவ்வளவு நேரம் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் கணவர் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை. மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்து வை, அதிக நேரம் வரும் என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து ஆன்டியின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தால், கேஸ் பை மிதக்கிறது. கூரைக்கடியில் கட்டிப்போட்டிருந்த கயிற்றைப் பிய்த்துக்கொண்டு, கப்பல் மாதிரி ஆடி ஆடி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் குழாய் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காற்று அதைக் கால்வாய்ப் பக்கமாகத் தள்ளியது. வழியில் வரிசையாகச் செம்பனை மரங்கள். மட்டை வெட்டிய அடிக்கட்டைகளும் முள்ளும் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு தடவை உரசினால் போதும், அவ்வளவு கேஸும் போய்விடும்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, அத மேடைக்குக் கொண்டு போயிடலாம். எஞ்சின் பக்கத்துல" என்றாள்.

நீச்சல் எனக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் எங்கள் கடைப் பின்பக்கத்துச் சாக்கடைதான். ஆனால் யோசிக்க நேரமில்லை. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பையின் வால்வைத் திருகி மூடி, குழாயைக் கத்தியால் அறுத்துவிட்டாள். பை சட்டென்று விடுபட்டுத் திரும்பியது. கயிற்றின் ஒரு முனையை என்னிடம் வீசினாள். அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மறுமுனையில் ஆன்டி, அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். முக்காடு நழுவியதோ, செருப்பு போனதோ எதுவும் எனக்குத் தெரியவில்லை. காற்று ஒரு தடவை ஓங்கி அடித்தபோது பை என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மரத்துக்கு நேராகப் போனது. சேற்றில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். "அல்லாவே, அல்லாவே" என்று என் வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. மரத்துக்கும் பைக்கும் நடுவில் ஆன்டி தன் முதுகைக் கொடுத்து நின்றார். பை அவர்மேல் மெத்தென்று மோதித் திரும்பியது.

வெயில் காலத்தில் நாலு பேர் தூக்க வேண்டிய பை, தண்ணீரில் பூ மாதிரி வந்தது. அதுதான் வெள்ளம் எங்களுக்குச் செய்த முதல் உபகாரம். மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தகரக் கூரையின் தூண்களில் இறுக்கிக் கட்டினோம். ஓர் ஓரத்தில் புஸ்ஸென்று சத்தம். தையல் விட்டிருந்தது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள்.

பையிலிருந்து எஞ்சினுக்கு இப்போது கை நீளத்துக்குக் குழாய் இருந்தால் போதும். ஒரு துண்டை வெட்டி மாட்டினாள். பெட்ரோல் டேங்கில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கயிற்றை இழுத்தாள். எஞ்சின் பிடித்தது. கேஸுக்கு மாற்றினாள். இருமல் ஒன்று, இருமல் இரண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

ஆனால் தடுமாறியது. சத்தம் ஏறி இறங்கியது. அப்போது ஆன்டிக்குக் கால் வழுக்கி, பைமேல் தொப்பென்று சாய்ந்தார். அவ்வளவுதான், எஞ்சின் சிங்கம் மாதிரி உறுமியது. அவர் பதறி எழுந்ததும் மறுபடி இளைத்தது. டெக்னீஷியனின் முகத்தில் வெளிச்சம் போட்ட மாதிரி ஒரு மாற்றம். "எந்திரிக்காதீங்க ஆன்டி! எல்லாரும் சாயுங்க!" என்று கத்தினாள்.

இத்தனை மாதமும் எஞ்சினுக்குப் போதாதது அதுதான், அழுத்தம். நீளமான குழாயில் கேஸோடு வருகிற ஈரம் தண்ணீராகித் தாழ்வான இடத்தில் தேங்கி வழியை அடைத்திருக்கிறது. பைமேலும் அழுத்துவதற்கு எதுவும் இருந்ததில்லை. மழையும் கடலும் சேர்ந்து பையைக் கொண்டுவந்து எஞ்சின் பக்கத்திலேயே விட்டுவிட்டன. அழுத்தத்துக்கு நாங்கள் இருந்தோம். நாங்கள் நான்கைந்து பெண்களும் அந்தப் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சாய்ந்தோம்.

அவள் வயரை எடுத்துக்கொண்டு, துணி காயப்போடுகிற கம்புகள்மேல் மாட்டி, தண்ணீரில் படாமல் வீட்டு ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனாள். ஜன்னலுக்குள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. ஏதோ ஒன்று கரண்டை எடுக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. ஜன்னலில் அவள் வந்து நின்றாள். கை இரண்டையும் தலைக்குமேல் தூக்கினாள். மெஷின் ஓடுகிறது!

நாங்கள் போட்ட கூச்சலில் மண்கரையில் நின்ற மாடுகளே திரும்பிப் பார்த்திருக்கும். மழையில் நனைந்துகொண்டு, சாணி வாசத்தோடு, அதிகம் பழகாத பெண்களோடு ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டே அழுதேன். ஆன்டி மூச்சு வாங்க, "என்னைய குண்டுன்னு சொன்னவங்கெல்லாம் இப்ப வந்து பாக்கணும் லா" என்றார்.

இடையில் என் கைப்பேசி அடித்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததால் பிழைத்திருந்தது. என் கணவர், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

"மாட்டு கேஸ் மேல படுத்திருக்கேன். பத்திரமா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அவருக்கு அன்று என்ன புரிந்திருக்குமோ.

மாறி மாறிச் சாய்ந்தோம். ஒருத்தி வீட்டுக்குள் போய் அவள் கணவரைப் பார்த்துவிட்டு வந்து செய்தி சொல்வாள். உதட்டில் நீலம் போய்விட்டது என்றாள். பிறகு பேசுகிறார் என்றாள். பிறகு பிரியாணி கேட்கிறார் என்றாள். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் பசியே தெரிந்தது. பையில் சாய்ந்தபடியே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். கடைப் பிரியாணியை ஆயிரம் தடவை சாப்பிட்டிருக்கிறேன். அந்த ருசி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன் செம்பனை வரிசைக்கு நடுவில் ஆரஞ்சு நிறச் சட்டைகள் தெரிந்தன. மீட்புப் படகு. ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்த மலாய்க்காரத் தம்பி ஒருவர், எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஆச்சரியமாக, பெட்ரோல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார்.

"பெட்ரோல் இல்ல என்சிக். கேஸ் லெம்பு" என்றாள் அவள்.

மலாயில் என்சிக் என்றால் ஐயா, லெம்பு என்றால் மாடு. அவர் அவளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அதன்மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தானும் வந்து பையில் ஒரு கை வைத்து அழுத்திப் பார்த்தார். எஞ்சின் உறுமியதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அவள் கணவரைப் படகில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்ல நேரத்துக்குக் காப்பாற்றி வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். சில நாளில் வீடு திரும்பிவிட்டார். வந்ததும் முதல் வேலையாக எனக்குப் போன் செய்து, "தங்கச்சி, நான் இப்ப மாட்டுல ஓடுற வண்டி" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் அவள் பையை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. மேடையை ஒட்டியே உயரமாகத் திட்டு எழுப்பி அங்கேயே வைத்தாள். எங்களுக்குப் பதிலாக லோரி டயர்களை வரிசையாக மேலே ஏற்றினாள். ஆன்டி அதில் கொஞ்சம் மனத்தாங்கல் பட்டார். அடுத்த வருடம் இரண்டாவது பள்ளம் வெட்டினார்கள். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கம்பம் நட்டார்கள். முதலில் அவள் கணவரின் மெஷின், அப்புறம் பால் குளிரூட்டும் பெட்டி, அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கும் காற்றாடியும் என்று கரண்ட் மெல்ல மெல்ல நடந்து போனது. ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிந்த நாளில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நாள்கூட நான் போகாமல் இருந்ததில்லை.

எல்லாம் மந்திரம் மாதிரி நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கேஸ் எஞ்சினை அரிக்கும். இரும்புத் துருவலில் வடிகட்டினாலும் அவ்வப்போது பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். அப்படிப் பிரிக்கிற நாளில் எட்டு வீடும் பழையபடி இருட்டுதான். ஆனால் பெட்ரோலுக்குப் போய்க்கொண்டிருந்த காசு வீட்டிலேயே நிற்கிறது. போன மாதம் வேறொரு தோட்டத்து ஆட்கள் வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னது யார் தெரியுமா? நாற்றம் நாற்றம் என்று சத்தம் போட்ட அதே ஆன்டிதான்.

படித்த படிப்புக்கும் நடத்துகிற தொழிலுக்கும் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு காரியத்துக்குள் அன்று நான் போய் விழுந்தேன். இப்போதும் ஏதாவது ஒன்று என்னால் ஆகாது என்று மனது பின்வாங்கும்போது, அந்த மத்தியானம் என் நெஞ்சுக்கடியில் அந்தப் பை மெல்ல மெல்ல இறங்கியதையும், அது இறங்க இறங்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததையும் நினைத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் கை தானாகவே நீண்டுவிடுகிறது.